வரிச்சீட்டும் சிறைக்கூடமும்

நகராட்சியா? குப்பை அகற்றுவதும், தெருவிளக்கு ஏற்றுவதும், வரி தண்டுவதும்தானே அதன் வேலை! அதிலே கொள்கை ஏது, கிளர்ச்சி ஏது என்று கேட்போர் உளர். அவர்கள் இலண்டன் நகரின் கிழக்குக் கோடியிலே இருந்த பாப்ளார் நகராட்சியின் வரலாற்றைச் சற்றே செவிமடுக்கட்டும்.

1899-ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனை 28 வட்டார நகராட்சிகளாகப் பகுத்தது. அவற்றுள் ஒன்று பாப்ளார். தேம்ஸ் நதிக்கரை, கப்பல்துறை, மூட்டை சுமந்து முதுகு கூனியோர் வாழ்ந்த இடம். உலகத்துச் செல்வமெல்லாம் அந்தத் துறையிலே வந்திறங்கிற்று. இறக்கியவன் வீட்டிலோ அடுப்பு எரியவில்லை!

அந்நாளைய வரிமுறையைப் பாருங்கள். கட்டடத்தின் வாடகை மதிப்பே வரிக்கு அடிப்படை. மாளிகைகள் மலிந்த வெஸ்ட்மின்ஸ்டரில் பவுனுக்கு ஒரு பென்னி விதித்தால் பணம் குவியும். பாப்ளாரிலே அதே ஒரு பென்னிக்குச் சில்லறையே சேரும். வேலையற்றோரைக் காக்கும் செலவோ பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தின் தலையிலே! ஏழைகள் எங்கு மிகுதியோ, அங்கே வரியும் மிகுதி. பசித்தவனே பசித்தவனுக்குச் சோறிட வேண்டும். உண்டு கொழுத்தவன் ஒதுங்கி நிற்கலாம். இந்த அநீதிக்குச் சூட்டப்பட்ட பெயர், சட்டம்!

1919-இல் தேர்தல் வந்தது. 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி வென்றது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். மறு ஆண்டு, நகராட்சித் தொழிலாளர்க்கு வாரம் நான்கு பவுன் குறைந்தபட்சக் கூலி என்றனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றனர்!

போர் முடிந்தபின் வேலையின்மை பெருகிற்று. 1921 மார்ச்சில் மன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. இலண்டன் மாவட்ட மன்றம், காவல்துறை, குடிநீர் வாரியம் முதலிய மேலமைப்புகளுக்காகத் தண்டித் தரவேண்டிய வரியைத் தண்டுவதில்லை. எம் மக்களின் பசியைப் போக்கவே எம் பணம் என்றனர். வழக்கு வந்தது. ஜூலை 29 அன்று, வாத்தியம் முழங்க, மேயரின் செங்கோல் முன்செல்ல, உயர்நீதிமன்றம் நோக்கி ஊர்வலமாகவே நடந்தனர் உறுப்பினர்கள். ஆணைக்குப் பணியவில்லை. செப்டம்பரில் 30 பேர் சிறைப்பட்டனர்: ஆடவர் பிரிக்ஸ்டனிலே, பெண்டிர் ஹாலோவேயிலே. அவர்களுள் நெல்லி கிரெஸ்ஸால் கருவுற்றிருந்த தாய்!

சிறை அவர்களை ஒடுக்கிற்றா? இல்லை! பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நகராட்சிக் கூட்டம் நடந்தது. பெண் உறுப்பினர்களும் அங்கே அழைத்துவரப்பட்டனர். ஸ்டெப்னியும் பெத்னல்கிரீனும் பாப்ளாரின் வழியே நடக்க முற்பட்டன. ஆட்சியாளர் அஞ்சினர். அக்டோபர் 12 அன்று விடுதலை. அவ்வாண்டே புதுச் சட்டம். ஏழையர் உதவிச் செலவின் பெரும்பகுதியை இலண்டன் முழுவதும் பகிர்ந்து தாங்க வழி பிறந்தது.

வெற்றிக்கு விலை இல்லாமல் போகவில்லை. சிறை மீண்ட மின்னி லான்ஸ்பரி, 1922 ஜனவரி முதல் நாள், 32 வயதிலே மறைந்தார்.

1925-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: நான்கு பவுன் கூலி மிகை, சட்டத்துக்குப் புறம்பானது என்று! பெண்ணுக்கு ஆணுக்கு நிகராகக் கூலி தருவதும் பிரபு ஒருவரின் ஏளனத்துக்கு உள்ளாயிற்று. ஏளனம் செய்த அதே நாட்டிலே, 1970-இல், சம ஊதியம் சட்டமாயிற்று.

பாப்ளார் நகராட்சி 1965-இல் புதிதாய்ப் பிறந்த டவர் ஹேம்லட்ஸ் வட்டாரத்துக்குள் இணைந்து மறைந்தது. ஆயினும் அது எழுப்பிய கேள்வி மறையவில்லை. வரவுசெலவுத் திட்டம் வெறும் எண்களின் வரிசையா? இல்லை, இளைஞனே! எவன் சுமப்பது, எவன் சுகிப்பது என்பதை வகுத்துரைக்கும் ஏடு அது. உன் ஊர் மன்றத்தின் கணக்கை அந்தக் கண்ணோடு படி!