உணவு உப்பும் உயர் இரத்த அழுத்தமும்

உடலின் நீர்ச் சமநிலைக்கும் நரம்பு, தசை இயக்கத்திற்கும் சோடியம் இன்றியமையாதது. உப்பின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோடியம் ஆகும். தேவைக்கு மிஞ்சினால் அதுவே இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது.

பாதிப்பு ஏற்படும் விதம்

மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. அவற்றின் திறனை மீறி உப்பு சேரும்போது உடலில் நீர் தங்குகிறது. இரத்தத்தின் அளவு கூடி, இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுகிறது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது உயர் இரத்த அழுத்தமாகும். பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் தோன்றுவதில்லை. கவனியாது விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு நேரிடலாம்.

எவ்வளவு போதும்?

வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது சுமார் ஒரு தேக்கரண்டி அளவு.

இதை வீட்டிலேயே கணக்கிடலாம். பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்தில், சமையலுக்கு மட்டும் பயன்படுத்தும் ஒரு கிலோ உப்பு 50 நாட்களுக்கு மேல் வர வேண்டும். 30 நாட்களில் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கும் மேல் செலவாகிறது. கடையில் வாங்கும் உணவுகளின் உப்பு இக்கணக்கில் சேராது.

மறைந்திருக்கும் உப்பு

ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றில் உப்பு மிகுதி. ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றிலும் சோடியம் உண்டு. உறையில் குறிப்பிட்டுள்ள சோடியம் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 400 மில்லிகிராம் சோடியம் என்பது 1 கிராம் உப்பு.

கவனத்திற்கு

* இந்துப்பு, கல்லுப்பு ஆகியவற்றிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. அவற்றிற்கு மாறுவதால் மட்டும் பயனில்லை.
* சோடியம் குறைந்த உப்புகளில் பொட்டாசியம் உள்ளது. சிறுநீரக நோயாளிகளும், இரத்த அழுத்த மருந்து உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றைப் பயன்படுத்தலாகாது.
* உப்பைக் குறைத்தாலும், பயன்படுத்துவது அயோடின் கலந்த உப்பாகவே இருக்கட்டும்.

குறைக்கும் வழிகள்

* சோறு, சப்பாத்தி மாவு, மோர் ஆகியவற்றில் உப்பைத் தவிர்க்கலாம்.
* எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், இஞ்சி ஆகியவற்றால் சுவை கூட்டலாம்.
* உண்ணுமிடத்தில் உப்பு, ஊறுகாய் வைப்பதைத் தவிர்க்கவும்.
* படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

30 வயதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று கருதி, மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.