கைக்காசும் நெற்றிக்கண்ணும்

தருமியை உங்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னதுமே 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படமும், கோயிலுக்குள் தனியாக நின்று புலம்புகிற நாகேஷும் கண்முன் வந்துவிடுவார்கள். பரிசு ஆயிரம் பொன். பாட்டு கையில் இருக்கிறது. பாண்டியனும் தலையாட்டிவிட்டான். அந்த நேரம் பார்த்து நக்கீரர் எழுந்து, பாட்டில் குற்றம் இருக்கிறது என்கிறார். தருமி என்ன செய்வார், பாவம்! எவ்வளவு பிழையோ அவ்வளவு பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்களேன் என்று கெஞ்சுவார். தியேட்டரே சிரித்தது.

சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள். சொந்தக் காசைப் போட்டுக் கதைப் புத்தகம் அச்சடிக்கிறவர், மதிப்புரை எழுதுகிறவர் முன்னால் நிற்பது இப்படித்தான். பின்னால் பெரிய பதிப்பகம் கிடையாது. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. புத்தகத்தைப் பற்றி நாலு பேர் பேசினால் பிழைக்கும். பேசாவிட்டால் பரணுக்குப் போகும். பிழையைக் கழித்துவிட்டு மிச்சத்தையாவது பாருங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கையும்.

தருமி கதை புராணம். ஆனால், அது மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. தகுதியுள்ள புலவனுக்கு மட்டும் இடம் கொடுக்குமாம் பொற்றாமரைக் குளத்துச் சங்கப் பலகை. உலகத்திலேயே கறாரான மதிப்புரைக்காரர் அந்தப் பலகைதான்!

மனிதர்கள் அவ்வளவு கறார் இல்லை. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலைப் பாருங்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்லத் தகுந்தவர்கள் யார் யார் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. நூலாசிரியரின் குரு, கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதியவர் என்று நான்கு பேர். கவனித்தீர்களா? நாலு பேருமே வேண்டப்பட்டவர்கள். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது அழகல்ல என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நாளாக நாளாக, புகழ் பாடுவதற்கான ஏற்பாடாகவே ஆகிப்போனது. அச்சு இயந்திரம் வந்த பிறகும் விடவில்லை. 19-ம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பலவற்றில் சாற்றுகவிகளைப் புரட்டித் தள்ளிய பிறகுதான் நூலே ஆரம்பமாகும்.

இது நம்மூர் வியாதி மட்டும்தானா? பிரான்ஸுக்கு ஒரு நடை போய் வரலாம். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான நாவல்களில் ஒன்றென்று இன்று கொண்டாடப்படுவது மர்சேல் ப்ரூஸ்த்தின் 'இழந்த காலத்தைத் தேடி'. அதன் முதல் பாகத்தைப் பதிப்பகங்கள் தள்ளிவிட, 1913-ல் ப்ரூஸ்த் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு வெளியிட்டார். அதோடு விட்டாரா? தன் புத்தகத்தைப் பாராட்டித் தானே எழுதிக்கொடுத்து, பத்திரிகையில் வருவதற்குப் பணமும் கொடுத்தார். 'லு ஃபிகாரோ' நாளிதழின் முதல் பக்கத்தில் நல்ல வார்த்தை வருவதற்கு 300 ஃபிராங்க். அவருடைய கடிதங்கள் 2017-ல் ஏலத்துக்கு வந்தபோது குட்டு வெளிப்பட்டது. அவ்வளவு பெரிய கலைஞனுக்கே பயம்! யாரும் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்களோ என்கிற பயம்.

சரி, தமிழ்க் கதைகளுக்கு வருவோம். 1879-ல் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியானது. தமிழின் முதல் நாவல். அதை எந்தப் படியால் அளப்பது? யாப்பிலக்கணம் வைத்து அளக்க முடியாது. நாவலை அளக்க ஒரு படியே அப்போது தமிழில் கிடையாது. நாவலை எழுதியது ஒரு தலைமுறை. அதை எப்படி மதிப்பிடுவது என்று கற்றுக்கொண்டது அதற்கும் பின்னால் வந்த தலைமுறை.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையா உப்பு இலாகா அதிகாரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பெரம்பூரில் சொந்தமாக அச்சகம் வைத்தார். 1924-ல் 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையும் தொடங்கினார். அடுத்த வருடமே இறந்துபோனார். 1925-ல் வை.மு.கோதைநாயகி 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி, தன் நாவல்களைத் தானே வெளியிட்டார். எண்ணிக்கை நூறைத் தாண்டும். துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர்.ரங்கராஜு, திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் புத்தகங்களுக்கெல்லாம் வாசகர்கள் ஏராளம். 'ராஜாம்பாள்' 1935, 1951 என்று இரண்டு தடவை படமானது. 'திகம்பர சாமியார்' 1950-ல் நம்பியாரை வைத்துப் படமானது.

இவர்களுக்கு வாசகர்கள் இருந்தார்கள். மதிப்புரைக்காரர்கள்? துப்பறியும் கதைதானே என்று பண்டிதர்கள் கையால்கூடத் தொடவில்லை. அதற்கும் கீழே இன்னொரு உலகம்... மதுரை புதுமண்டபத்துப் புத்தகக் கடைகள். சித்திரைத் திருவிழாவுக்குப் பரவையிலிருந்தும் அலங்காநல்லூரிலிருந்தும் வருகிற சனங்கள் வளையல், ரிப்பனோடு 'அல்லி அரசாணி மாலை', 'மதுரை வீரன் கதை' என்று பெரிய எழுத்துப் புத்தகங்களையும் வாங்கிப் போவார்கள். ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்கிறவர்கள் கண்ணீர் விட்டால் அதுதான் மதிப்புரை. வேறு யாரும் எழுதவில்லை.

பத்திரிகைகள் பக்கம் வந்தால் அங்கே இன்னொரு வேடிக்கை. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவேண்டும் என்று போட்டிருப்பார்கள். கைக்காசு போட்டவர் தபால் செலவையும் போட்டு அனுப்பிவிட்டு வாராவாரம் பக்கத்தைப் புரட்டுவார். கடைசியில் ஒருநாள் 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழே புத்தகத்தின் பெயர், விலை, முகவரி வந்திருக்கும். அவ்வளவுதான்!

இந்த நிலவரத்தைப் புரட்டிப்போட நினைத்த ஒருவர் நம்ம மதுரைச் சீமைக்காரர். மதுரையிலிருந்து பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி, நிலக்கோட்டை என்று பஸ் பிடித்துப் போனால் வத்தலக்குண்டு வரும். சின்ன ஊர்தான். ஆனால், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிவிட்டு 26 வயதில் இறந்துபோன ராஜமய்யரும், 'மணிக்கொடி'யை நடத்திய பி.எஸ்.ராமையாவும் அந்த ஊர்க்காரர்கள். அங்கே வளர்ந்த மூன்றாமவர் சி.சு.செல்லப்பா. பிறந்தது 1912. மதுரைக் கல்லூரியில் படித்தவர். 1941-ல் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனவர்.

1959 ஜனவரியில் செல்லப்பா 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். விமர்சனத்துக்கு முதலிடம் கொடுத்த பத்திரிகை. அதற்கு முன்பே 'ரசமட்டம்' என்ற புனைபெயரில் புதுமைப்பித்தன் விமர்சனக் கத்தியை வீசியிருந்தார். ரசமட்டம் என்றால் கொத்தனார் சுவர் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கருவி. பெயரே மிரட்டுகிறது இல்லையா? க.நா.சுப்ரமண்யம் தன் ரசனையை நம்பினார். எது நல்ல நாவல் என்று பட்டியல் போட்டார். செல்லப்பாவோ 'அலசல்' என்றார். பிடிச்சிருக்கு, பிடிக்கலை என்று சொன்னால் போதாது. ஏன் என்று வரிவரியாகக் காட்டு. வைகைத் தண்ணீரில் துணியை அலசுவது போல, அழுக்கும் தெரியணும், நெசவும் தெரியணும்.

119 இதழ்கள். 1970-ல் நின்றுபோனது. சந்தாக்காரர்கள் சில நூறு பேர்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நக்கீரர் வேலை பார்த்த இதே செல்லப்பா, தருமி வேலையும் பார்த்தார். 'எழுத்து பிரசுரம்' என்று தானே பதிப்பகம் நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக, ஊர் ஊராகப் போய் விற்றார். ஜல்லிக்கட்டை வைத்து எழுதிய 'வாடிவாசல்' 1959-ல் அப்படி வந்த புத்தகம்தான். அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை அடக்க மகன் பிச்சி வருகிற கதை. சின்னப் புத்தகம். இன்று தமிழில் திரும்பத் திரும்ப அச்சாகிற நாவல்களில் ஒன்று. 2013-ல் ஆங்கிலத்துக்கும் போனது.

கடைசியாக 'சுதந்திர தாகம்'. விடுதலைப் போராட்டக் காலத்தைச் சொல்லும் மூன்று பாக நாவல். 85 வயதை ஒட்டிய முதுமையில் அதையும் தானே வெளியிட்டார். 1998 டிசம்பரில் காலமானார். 2001-ல் அந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவரையாவது விருது தேடி வந்தது. மதுரைக்காரரான ஜி.நாகராஜனைப் பாருங்கள். கணக்கு வாத்தியார். 1963-ல் 'பித்தன் பட்டறை' என்று சொந்தமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு 'குறத்தி முடுக்கு' நாவலை வெளியிட்டார். விலைமாதர், தரகர், போலீஸ்காரர் நடமாடும் உலகம். நல்ல குடும்பங்கள் பார்க்காத மாதிரி கடந்துபோகும் தெருவைப் பற்றிய கதையை, பத்திரிகைகளும் பார்க்காத மாதிரியே கடந்துபோயின. சிலர் மட்டும் படித்துவிட்டுப் பேசினார்கள். 1981-ல் மதுரையில் நாகராஜன் இறந்துபோனார். அதற்கும் பல வருஷம் கழித்துத்தான் அவருடைய எழுத்துகள் ஒரே தொகுப்பாக வந்து, புதிய தலைமுறை அவரைத் தேடிப் படித்தது. நடுவில் அந்தப் புத்தகங்களை உயிரோடு வைத்திருந்தது யார்? பழைய பிரதியைக் கைமாற்றிக் கொடுத்து, "இதைப் படிச்சுப் பாருங்க" என்று சொன்ன அந்தச் சிலர்தான்.

இப்போது நிலைமை எப்படி? 2016-ல் அமேசான் கிண்டில் தமிழுக்கும் கதவைத் திறந்தது. யார் வேண்டுமானாலும் சல்லிக் காசு செலவில்லாமல் நாவல் வெளியிடலாம். தேவைக்கேற்ப ஐம்பது பிரதி, நூறு பிரதி என்று காகிதத்திலும் அடித்துக்கொள்ளலாம். பேய்க்கதை, குடும்பக்கதை, சரித்திரக்கதை, விஞ்ஞானக்கதை எல்லாம் வந்து குவிகின்றன. மதிப்புரை? ஐந்து நட்சத்திரம். போட்டவர்கள் யாரென்று பார்த்தால் குரு, கூடப் படித்தவர், மாணவர்... பவணந்தி சொன்ன அதே ஆட்கள்!

இதனால் யாருக்கு நஷ்டம்? எழுதியவருக்குத்தான் முதல் நஷ்டம். நண்பர்களின் ஐந்து நட்சத்திரத்தை நம்பி, அதே பிழைகளோடு அடுத்த நாவலை எழுதுவார். உண்மையாகவே நல்ல கதை எழுதிய முகம் தெரியாத ஒருவர் அந்த நட்சத்திரக் கூட்டத்தில் காணாமல் போவார். அது இரண்டாவது நஷ்டம். நாலு தடவை ஏமாந்த வாசகர், புதியவர் புத்தகம் என்றாலே நகர்ந்துவிடுவார். அது மூன்றாவது. இந்தக் கூட்டத்தில் இன்றைய நாகராஜன் ஒருவர் இருந்தால்?

பரவை மார்க்கெட்டில் அதிகாலையில் காய்கறி எடுக்கிற வியாபாரிகளைப் பார்த்திருக்கிறீர்களா? மூட்டையின் மேலாக இருக்கிற காயைப் பார்த்து விலை பேசமாட்டார்கள். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுப்பார்கள். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடிப்பார்கள். தேங்காய் என்றால் காதருகே வைத்து ஆட்டுவார்கள். சுரைக்காயில் நகத்தை அழுத்துவார்கள். தேங்காயின் நுனியை ஒடிக்க முடியவில்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை.

கதைக்கும் அதே நியாயம்தான். துப்பறியும் கதையில் முடிச்சு நியாயமாக அவிழ்கிறதா, பேய்க்கதையில் முதுகு சிலிர்க்கிறதா, சரித்திரக் கதையில் அந்தக் காலம் தெரிகிறதா என்று அதனதன் சோதனையை வைத்துப் பார்க்கவேண்டும். துப்பறியும் நாவலைத் தொடாமலே ஒதுக்கிய பண்டிதர்கள் செய்யத் தவறியது இதைத்தான். எந்த வகையானாலும் கையை அடிவரைக்கும் விட்டுப் பார்க்கவேண்டும். செல்லப்பா சொன்ன அலசல் அதுதான்.

மதுரை தமுக்கம் மைதானத்தில் 2006-ல் தொடங்கியது புத்தகத் திருவிழா. அடுத்த தடவை போகும்போது, பெயர் கேள்விப்படாத ஒருவர் சொந்தமாக வெளியிட்ட ஒரு கதைப் புத்தகத்தை எடுங்கள். முழுசாகப் படியுங்கள். பிடித்தால் ஏன் என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் ஏன் என்று எழுதியவருக்கே ஒரு கடிதம் போடுங்கள். தருமிக்கு முழு ஆயிரம் பொன் வேண்டாம். பாட்டை யாரோ கடைசிவரை கேட்டார்கள் என்று தெரிந்தால் போதும்.