பாபநாசத்துக்கு வந்த சித்திரக்காரர்கள்

வல்லக்கோட்டைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஏரி, முருகன் கோயில், ஒரகடம் வரையில் இன்று எழும்பி நிற்கும் தொழிற்சாலைகள். மிரட்டுகிற மலையோ அருவியோ கிடையாது. பழைய காலத்து ஐரோப்பியச் சித்திரக்காரன் இவ்வழி வந்திருந்தால் பல்லக்கை இறக்கச் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்குப் பயம் காட்டும் இயற்கை வேண்டும்.

நார்வேயில் பிறந்த யோஹான் கிறிஸ்டியன் டால் இந்த வகையில் பெரிய கை. டிரெஸ்டனில் குடியேறியவர், 1826-ல் தாய்நாட்டு மலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறு வருஷம் லாப்ரோ அருவியைத் தீட்டினார். ஆனால் அந்த ருசி அதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்பே நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்துவிட்டது!

தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தாவில் இறங்கியவர்கள். 1792 மார்ச்சில் திப்பு சுல்தான் உடன்படிக்கை செய்துகொண்டு பாராமகாலைக் கும்பினியிடம் விட்டார். சண்டை நடந்த மலைக்கோட்டைகளைப் படத்திலாவது பார்க்க வெள்ளைக்காரர்களுக்கு ஆசை. ஏப்ரலில் இருவரும் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள். ராயக்கோட்டை, சங்ககிரி, மதுரை என்று வரைந்துகொண்டே போய்ப் பாபநாசத்தை அடைந்தார்கள். திரும்பிவந்து 1793-ல் சென்னையிலேயே படங்களைச் சீட்டுக் குலுக்கி விற்றார்கள். கலைக்கும் வயிறு உண்டல்லவா?

சீமைக்குப் போனபின் செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி, திராவகத்தால் அரித்து, அச்செடுத்து, கையால் வர்ணம் பூசினார்கள். 1795 முதல் 1808 வரை இப்படி வெளிவந்தவை 144 படங்கள். பாபநாசத்து அருவி அவற்றில் ஒன்று.

அகஸ்தியருக்குச் சிவபெருமான் மணக்கோலம் காட்டிய இடம் என்று நம்மவர்கள் அங்கே முழுகப் போனார்கள். இவர்களோ நின்று மலைக்கப் போனார்கள். நம்மிடம் இயற்கை ரசனை இல்லை என்று இதைக்கொண்டு சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொள்வதும் ரசனைதான். படத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இருட்டுப் பெட்டிக் கருவியின் கண்ணாடி வழியே கோடு சரியாக விழுந்திருக்கலாம். கம்பீரத்தை எவ்வளவு கூட்டினார்கள் என்பதற்கு அந்தக் கருவி சாட்சி சொல்லாது.

ஆனாலும் அந்தப் படம் நமக்கு வேண்டும். 1880-களில் தாமிரபரணியின் வேகத்தை விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலை வாங்கிக்கொண்டது. பிறகு மேலே அணை வந்தது. 1944-ல் மின்சாரம் பிறந்தது. படத்தில் விழுவது அதற்கெல்லாம் முந்திய தண்ணீர்.