தமிழ்ப் படக்கதை இதழ்களும் வாசகர் பெருக்கமும்

படக்கதை இதழ்களைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குதல் நம்மிடையே வழக்காக உள்ளது. ஆயினும், எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனை நூல் விரும்பியாக ஆக்கியதில் அவற்றிற்கும் பங்குண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆதலின், அவை வாசகரைத் தேடிய வழிகளும் இலக்கிய வரலாற்றிற்கு உரியனவே. அவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1972 சனவரியில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. கதை ஆங்கில நாட்டது. எனினும், மாயாவி என்னும் பெயர் அதனை நம் சிறுவர்க்கு உரியதாக்கிற்று. தமிழ்ப்பெயர் சூட்டலே முதல் உத்தி எனலாம்.

1984 சூலையில் இரண்டு இதழ்கள் ஒருங்கே எழுந்தன. ஜேம்ஸ்பாண்ட் கதையுடன் வந்தது தினத்தந்தி நிறுவனத்தின் ராணி காமிக்ஸ். மாடஸ்டி கதையுடன் வந்தது விஜயனை ஆசிரியராகக் கொண்ட லயன் காமிக்ஸ். முன்னது குறைந்த விலையையும் பரந்த கடை விற்பனையையும் நம்பிற்று. பின்னது, 'ஹாட்லைன்' என்னும் பகுதியில் ஆசிரியரே வாசகரோடு உரையாடும் உறவை வளர்த்தது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயனோ, தளர்ந்த பின்னரும் 2012 சனவரியில் 100 ரூபாய்ச் சிறப்பிதழுடன் மீண்டெழுந்தது. அடுத்த ஆண்டே முத்து காமிக்ஸ் 400 ரூபாய் விலையில் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. இளமையில் படித்தோர் வளர்ந்து பொருளீட்டும் நிலையில் இருந்தமையின், வண்ணப் பதிப்பு, சந்தா, முன்பதிவு, புத்தகக் காட்சி ஆகியன பயன்தந்தன.

எனினும், ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. நீலகிரியை எடுத்துக்கொள்வோம். சந்தா முறையால் கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்து வாசகர்க்கும் அஞ்சல்வழி இதழ் சேரும், இது பெரும்பயனே. ஆனால், சந்தா செலுத்துவோர் முன்னரே வாசகரானவர். குன்னூர்ப் பேருந்து நிலையக் கடையில் தொங்கும் அட்டைப்படத்தைக் கண்டு, வாங்கித் தருமாறு தந்தையை வற்புறுத்தும் சிறுவன் அம்முறையில் தோன்றுவதற்கில்லை.

பழைய வாசகரைப் போற்றுதல் இதழைக் காக்கும். புதிய வாசகரை ஆக்குதலே படிக்கும் வழக்கத்தைக் காக்கும். முன்னதில் நம் பதிப்பாளர் வென்றனர். பின்னதற்குக் குறைந்த விலையும் கண்ணிற்படும் கடையும் மீண்டும் வேண்டும் என்பதே எம் துணிபு.