தில்லி ஊர்களில் வாய்க்கால் பராமரிப்பும் நில உடைமையாளர் கடமையும்

தமிழக நீர்ப்பாசன வரலாற்றை ஆராய்வோர் குடிமராமத்தைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. ஏரி, வாய்க்கால் ஆகியவற்றின் சிறு பழுதுகளை ஊரார் கூட்டுழைப்பால் சீர்செய்துவந்த இவ்வழக்கத்திற்கு 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வலுவூட்டியது. வழக்கப்படி உழைப்பு நல்க மறுத்தவர் அதன் மதிப்பில் இருமடங்கு செலுத்த நேர்ந்தது. வழக்கம் முன்னதாகவும் சட்டம் அதன் காவலாகவும் அமைந்த முறை இது. தில்லிப் பகுதியில் இக்கடமை வேறு வழியில் உருப்பெற்றது.

யமுனையின் மேற்குக் கால்வாய், பிரோஸ் ஷா துக்ளக் (1351–1388) காலத்தில் வெட்டப்பட்ட கால்வாய்களோடு தொடர்புடையது. கால்வாய்க்குப் பொருள் செலவிட்டவருக்கு நீரின் பயனில் பங்கு உண்டா என அச்சுல்தான் சமய அறிஞர்களிடம் வினவியதையும், பத்தில் ஒரு பங்கு உண்டு என அவர்கள் விடையளித்ததையும் அபீபின் வரலாற்று நூலால் அறியமுடிகிறது. நீர் பெறுவோரின் கடமை அங்கு வரியாகவே எண்ணப்பட்டமை கருதத்தக்கது. ஷாஜகான் காலத்தில் தில்லிக் கோட்டை வரை நீண்ட இக்கால்வாய் பதினெட்டாம் நூற்றாண்டில் தூர்ந்தது. ஆங்கிலேயர் அதனைச் சீர்செய்ய, 1820இல் நகருக்குள் மீண்டும் நீர் வந்தது.

நீர் வந்தது, வடிகால் வரவில்லை. மேட்டுக் கரைகளுக்கிடையே ஓடிய கால்வாய், மழைநீர் இயல்பாக வடிந்த தாழ்நிலங்களைக் குறுக்கிட்டது. பல இடங்களில் சதுப்பு பெருகியது. கர்னால் படைமுகாம் நோயின் காரணமாகக் கைவிடப்பட்டது. இதனை ஆராய 1845இல் அமைந்த பேக்கர், டெம்ப்ஸ்டர், யூல் ஆகியோரின் குழு 1847இல் அறிக்கை அளித்தது. ஊர்மக்களின் மண்ணீரல் வீக்கத்தைச் சோதித்து, காய்ச்சலுக்கும் நீர்த்தேக்கத்திற்கும் உள்ள தொடர்பை அது காட்டியது. (இந்த யூலே பின்னாளில் மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்தவர்.) வடிகால் அடைபடுதல் ஊரின் உயிர்ச்சிக்கல் என்பது இவ்வாறு அரசு ஆவணத்தில் இடம்பெற்றது.

இப்பின்னணியில் 1873ஆம் ஆண்டின் வட இந்தியக் கால்வாய், வடிகால் சட்டத்தை நோக்குதல் வேண்டும். அப்போது பஞ்சாபைச் சேர்ந்திருந்த தில்லி 1912இல் தனி மாகாணமான பின்னரும் அச்சட்டம் அங்கு நீடித்தது. பெருங்கால்வாய் அரசின் பொறுப்பு. அதிலிருந்து வயலுக்குச் செல்லும் வாய்க்கால் அதனைப் பயன்படுத்துவோரின் பொறுப்பு. கூட்டாகப் பராமரிக்க வேண்டியவருள் ஒருவர் தம் பங்கைச் செய்யாவிடில், ஏனையோர் கால்வாய் அதிகாரியிடம் முறையிடலாம் (பிரிவு 19). வாய்க்கால் வெட்டியவர், அது குறுக்கிடும் வடிகாலுக்கும் வழியமைத்துப் பேணவேண்டும் (பிரிவு 29). பழுதான வாய்க்காலில் நீர் வீணாகக் கசிந்தால், அரசு நீரை நிறுத்தலாம் (பிரிவு 32). நீரை வீணாக்கியவர் இன்னார் எனத் தெரியாதபோது, அவ்வாய்க்காலால் பயன்பெறும் அனைவருமே கட்டணத்திற்குப் பொறுப்பாவர் (பிரிவு 34). கூட்டுப் பொறுப்பை இதைவிடக் கடுமையாகச் சொல்லுதல் அரிது.

ஆயினும் இச்சட்டத்தின் வலிமை மதகில்தான் இருந்தது. நீரை நிறுத்துவோம் என்னும் அச்சமே வாய்க்காலைத் தூர்வாரச் செய்தது. வடிகாலுக்கு அத்தகைய மதகு இல்லை. ஓடையிலோ வடிகாலிலோ உள்ள அடைப்பைத் தடைசெய்யவும் அகற்றவும் அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும் (பிரிவு 55). எனவே பாசன வாய்க்காலைப் பேணுதல் உழவரின் அன்றாடக் கடமையாகவும், வடிகாலைப் பேணுதல் அரசு விரும்பும்போது மட்டும் நினைவூட்டப்படும் கடமையாகவும் பிரிந்தன. 1847இன் அறிக்கை எதனை அஞ்சியதோ, அதுவே சட்டத்தில் வலுவற்ற பகுதியாயிற்று எனலாம்.

விடுதலைக்குப் பின் உடைமையே மாறியது. 1954ஆம் ஆண்டின் தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம் ஊர்க்குளங்கள், நீர்வழிகள், பாதைகள் முதலியவற்றை ஊர்ச்சபையிடம் ஒப்படைத்தது. ஓர் ஊர் நகர்ப்பகுதியாக அறிவிக்கப்பட்டால் ஊர்ச்சபையின் சொத்துகள் மத்திய அரசைச் சேரும் என்றும் அச்சட்டம் விதித்தது. நகரம் விரிய விரிய வயல்கள் மனைகளாயின. மனைக்குக் கால்வாய் நீர் வேண்டியதில்லை; எனவே நீரை நிறுத்தும் தண்டனையும் பொருளற்றுப்போயிற்று. வாய்க்காலை வெட்டியவரின் பெயரன் அதன் உடைமையாளன் அல்லன். புதிதாக உடைமை பெற்ற அரசுக்கோ அக்கரையில் நிலம் இல்லை.

1976ஆம் ஆண்டின் வடிகால் பெருந்திட்டம் தில்லியில் 201 இயற்கை வடிகால்களைக் கணக்கிட்டது. அவற்றுள் பெரியதான நஜப்கர் வடிகால், சாகிபி ஆற்றின் நீரை யமுனைக்குக் கொண்டுசெல்லும் வழியாகும். இன்று அது பெருமளவு கழிவுநீரையே சுமக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரி 13இல் அளித்த தீர்ப்பு, யமுனையில் கழிவு எறிபவருக்கு 5,000 ரூபாயும் கட்டட இடிபாடுகளைக் கொட்டுபவருக்கு 50,000 ரூபாயும் விதித்தது. அத்தண்டம் கொட்டுபவரைச் சாரும். கரையோர நிலத்தின் உடைமையாளரை அன்று.