கேலனைக் கற்றோரும் ஐயுற்றோரும்: இடைக்கால அரபு மருத்துவ நூல்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

கிரேக்கர் தேடிய அறிவுச் செல்வத்தை அரபியர் பேணிக் காத்து, உரிய காலத்தில் ஐரோப்பியர்பால் ஒப்படைத்தனர் என்று வரலாற்று நூல்கள் பல கூறும். மேலோட்டமாக நோக்குவார்க்கு இக்கூற்றுப் புகழ்ச்சியாகவே தோன்றும். நுணுகி ஆராய்வார்க்கோ இது குறை மதிப்பீடு என்பது புலனாம். பிறர் வைத்த பொன்னைக் காத்திருந்து திருப்பிக் கொடுப்பது களஞ்சியக் காவலனின் கடமை. அப்பொன்னை உரைத்துப் பார்த்து மாற்று அறிவதே அறிஞனின் செயல். இடைக்கால இசுலாமிய நாகரிகத்தின் அறிஞர்கள் இவ்விரண்டனுள் எதனைச் செய்தனர்? மருத்துவத்துறை ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அத்துறையின் பேராசான் கேலன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் இவர். இவருடைய நூல்களே ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக மருத்துவக் கல்வியை ஆண்டன. அரபு நூல்கள் இவரை 'ஜாலீனூஸ்' என வழங்கும். 'அரபு மருத்துவர்' என ஈண்டு யாம் குறிப்பது அரபு மொழியில் எழுதியோரையே, அவருள் பாரசீகரும் உளர், கிறித்தவரும் உளர்.

மொழிபெயர்ப்பாளர் ஹுனைன்

அப்பாசியக் கலீபா அல்-மன்சூர் 762ஆம் ஆண்டில் பாக்தாத் நகருக்குக் கால்கோள் செய்தார். அடுத்த இருநூறு ஆண்டுகளில் கிரேக்க மெய்ப்பொருளியல், கணக்கியல், வானியல், மருத்துவ நூல்களுட் பெரும்பாலானவை அரபு மொழிக்கு வந்து சேர்ந்தன. காகிதம் பரவியமை நூற்பெருக்கத்திற்குத் துணைநின்றது. கலீபாக்களேயன்றி அமைச்சர்களும் மருத்துவர்களும் செல்வர்களும் பொருளீந்து இப்பணியைப் புரந்தனர். கலீபா அல்-மஃமூன் காலத்து 'பைத்துல் ஹிக்மா' எனும் அறிவு இல்லமே இப்பணி முழுவதையும் நடத்தியது என்பர் சிலர். திமித்ரி குட்டாஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வாறு கொள்ளுதற்குப் போதிய சான்று இல்லை எனக் காட்டியுள்ளது. மொழிபெயர்ப்பு ஒரு மனையுள் அடங்கிய பணியன்று. ஒரு சமுதாயமே விரும்பி மேற்கொண்ட முயற்சி எனக் கொள்வதே பொருந்தும்.

இம்முயற்சியின் தலைமகன் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். ஹீரா நகரத்துக் கிறித்தவ குடியிற் பிறந்து 873ஆம் ஆண்டளவில் மறைந்தவர். இளமையில் ஆசிரியரிடம் ஓயாது வினாத் தொடுத்தமையால் வகுப்பினின்று வெளியேற்றப்பட்டார் என்றும், சின்னாள் மறைந்திருந்து கிரேக்க மொழியைத் துறைபோகக் கற்று மீண்டார் என்றும் பழைய வரலாறுகள் பகரும். இச்செய்தியில் கதைப்பாங்கு கலந்திருத்தல் கூடும். ஆயின் 856ஆம் ஆண்டில் அவர் எழுதிய திருமுகம் ஒன்று ஐயத்திற்கு இடமற்ற சான்றாக நிற்கிறது. கேலனின் நூல்கள் ஏறத்தாழ 129இனை அது நிரல்படக் கூறும். எந்நூலை யார் எம்மொழியில் யார்பொருட்டுப் பெயர்த்தார், அப்பெயர்ப்பின் தரம் யாது என்பனவற்றையும் அது விளக்கும்.

அத்திருமுகத்தால் அவருடைய நெறிமுறை நன்கு புலனாகிறது. இருபது வயதளவில் பிழை மலிந்த ஒரே சுவடியைக் கொண்டு கேலனின் நூலொன்றைப் பெயர்த்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். பின்னர் நாற்பது வயதளவில், பல கிரேக்கச் சுவடிகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருந்திய பாடம் ஒன்றனை அமைத்துக்கொண்டு, அதனோடு தம் பழைய பெயர்ப்பை ஒத்துப் பார்த்துத் திருத்தினார். மற்றொரு நூலைத் தேடி மெசபொத்தேமியா, சிரியா, பாலத்தீனம், எகிப்து ஆகிய நாடுகளில் அலைந்தார். அதிற் பாதியளவே தமாஸ்கசில் கிடைத்தது என வருந்துகிறார். பாடம் ஒப்பிட்டு மூலத்தை நிறுவுதல் இக்காலப் பதிப்பாசிரியர்க்கே உரிய நெறி எனக் கருதுவார் இத்திருமுகத்தைக் காணல் வேண்டும்.

மூலத்தின் சொல்லையே ஐயுற்று ஆராய்பவன் நாளடைவில் மூலத்தின் பொருளையும் ஐயுறுவான். அடுத்து நிகழ்ந்தது அதுவே.

அல்-ராஸியின் ஐயங்கள்

பாரசீக நாட்டு ரய் நகரத்தில் 865ஆம் ஆண்டளவிற் பிறந்த அபூபக்கர் அல்-ராஸி, ரய்யிலும் பாக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கியவர். 'ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்' என்பது அவர் நூல்களுள் ஒன்று. பேராசானை மறுக்க நேர்ந்தமைக்கு வருந்துவதாகவே அதனைத் தொடங்குகிறார். கேலனிடத்துத் தாம் பட்ட நன்றிக்கடனை வெளிப்படக் கூறுகிறார். எனினும் மருத்துவம் கண்மூடி ஏற்கும் துறையன்று என்றும், கேலனே தம் முன்னோரை மறுத்தவர் என்றும் காட்டித் தம் செயலுக்கு நியாயம் உரைக்கிறார். காய்ச்சல் பற்றிக் கேலன் வகுத்த இலக்கணம் தாம் மருத்துவமனையிற் கண்ட நோயாளரிடத்துப் பலகால் பொருந்தவில்லை என்பது அவர் எடுத்துவைக்கும் தடைகளுள் ஒன்று.

அவருடைய குறிப்புகளைத் தொகுத்தமைத்த 'அல்-ஹாவி' எனும் பெருநூலும் ஈண்டுக் கருதத்தக்கது. ஒவ்வொரு நோய்க்கும் முன்னோர் கூற்றை அவரவர் பெயரோடு தந்து, இறுதியில் 'என்னுடையது' எனப் பொருள்படும் சிறுசொல்லை இட்டு, தம் கருத்தைத் தனியே பிரித்து வைக்கிறார். மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டோருள் ஒரு சாரார்க்குக் குருதி வாங்கியும், மற்றொரு சாரார்க்கு வேண்டுமென்றே வாங்காது விட்டும், இரு சாராரையும் ஒப்பிட்டதாக அந்நூலில் ஒரு குறிப்பு உண்டு. அவர் கண்ட முடிபு இன்று ஏற்கத்தக்கதன்று; ஆயின் ஒப்பிட்டு அறியவேண்டும் என்ற எண்ணமே போற்றத்தக்கது.

எலும்புக் குவியலின் சான்று

பாக்தாத் அறிஞர் அப்துல் லத்தீஃப் எகிப்தில் தங்கியிருந்த காலத்தில், 1200 முதல் 1202 வரை கொடும்பஞ்சம் அந்நாட்டை வாட்டியது. அடக்குவாரின்றி மாண்டோரின் எலும்புகள் குன்றுபோற் குவிந்து கிடந்த இடத்திற்கு அவர் மாணவரோடு சென்றார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளின் இணைப்பு என்பது கேலன் கொள்கை. அப்துல் லத்தீஃப் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தலைகளைப் பார்த்தார்; பிறரைக் கொண்டும் பார்ப்பித்தார். எங்கும் தாடை ஒரே எலும்பாக, பொருத்துவாய் இன்றியே இருந்தது. கேலன் ஆராய்ச்சியின் உயர்நிலையை எய்தியவரே எனினும், அவர் சொல்லினும் கண்ணாற் கண்ட சான்றே வலியது என்று அவர் முடிவு செய்தார். துயரம் மிக்க அச்சூழலிலும் எண்ணிப் பார்த்து உண்மை காண முயன்ற அவ்வுள்ளத்தை என்னென்பது!

உரையினுள் ஒரு புதுமை

நான்காமவர் தமாஸ்கசிற் கற்று, கெய்ரோவிற் புகழ்பெற்று, 1288இல் மறைந்த இப்னு நபீஸ். இப்னு சீனாவின் (980-1037) 'கானூன்' எனும் மருத்துவப் பெருநூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் 1242ஆம் ஆண்டளவில் உரை வரைந்தார். இதயத்தின் வலவறையிலிருந்து இடவறைக்குக் குருதி இடைச்சுவரின் நுண்டுளைகள் வழியே செல்லும் என்பது கேலன் கொள்கை. அச்சுவரிற் கட்புலனாம் துளையும் இல்லை, கட்புலனாகாத் துளையும் இல்லை என மறுத்தார் இப்னு நபீஸ். வலவறையின் குருதி நுரையீரலுக்குச் சென்று, ஆங்குக் காற்றொடு கலந்து, அதன்பின்னரே இடவறையை அடையும் என்றும் நிறுவினார். உரையென்பது மூலத்தின்வழி ஒழுகுவதே எனக் கருதுவார்க்கு இவ்வுரை தக்க மறுமொழியாகும்.

இவ்வுரையின் சுவடி பெர்லின் நூலகத்திற் கிடந்தது. எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்-ததாவி அதனை ஆராய்ந்து 1924இல் ஜெர்மனியில் அளித்த பட்ட ஆய்வேட்டினாலேயே இச்செய்தி இக்கால உலகிற்குப் புலனாயிற்று. ஐரோப்பாவில் செர்வீத்தஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் இதே கருத்தை வெளியிட்டனர். அவர்கள் இப்னு நபீசின் உரையை அறிந்திருந்தனர் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

மிகைக்கூற்றும் குறைக்கூற்றும்

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். முழுமையான குருதிச் சுற்றோட்டத்தையே இப்னு நபீஸ் கண்டார் என்பது மிகைக்கூற்று. அதனை நிறுவியவர் 1628இல் நூல் வெளியிட்ட ஹார்வி. மேலும், தாடை பற்றிய உண்மையும் நுரையீரல்வழிக் குருதியோட்டமும் மருத்துவப் பாடநூல்களின் பொதுக்கொள்கையை மாற்றிவிடவில்லை. கற்பிக்கப்பட்டது பெரிதும் கேலனின் உடற்கூறே. தாடை ஒரே எலும்பு என்பதை 1543இல் வெசாலியஸ் மீண்டும் நிறுவவேண்டியிருந்தது.

காவலர் மட்டுமே என்பதோ குறைக்கூற்று. மூளையின் உறைகளை 'டியூரா மேட்டர்', 'பையா மேட்டர்' என இன்றும் மருத்துவர் வழங்குகின்றனர். 'மேட்டர்' என்பது தாய் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கிரேக்கப் பெயரில் தாய் இல்லை. மூளையுறையைத் 'தாய்' என்றது அரபு வழக்கு. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அதனை அவ்வாறே பெயர்த்துக்கொண்டனர். கடத்துவோர் மட்டுமே ஆயின் தம் மொழியின் மரபை இங்ஙனம் பொறித்துச் சென்றிரார்.

முடிவுரை

ஹுனைன் பாடத்தை ஐயுற்றார். அல்-ராஸி கொள்கையை ஐயுற்றார். அப்துல் லத்தீஃப் எலும்பை எண்ணினார். இப்னு நபீஸ் உரையினுள்ளே மூலத்தைத் திருத்தினார். நால்வரும் கேலனைப் பழித்தவர் அல்லர். அவரை முற்றக் கற்றவர்கள். முற்றக் கற்றமையாலேயே அவர்களால் ஐயுற முடிந்தது. மொழிபெயர்ப்பு ஓர் அறிவு மரபின் முடிவன்று, தொடக்கமே என்பதும், ஆசானை மறுத்தல் அவர்க்குச் செய்யும் நன்றியின் ஒரு கூறே என்பதும் இவர்தம் நூல்களால் யாம் அறியும் உண்மைகளாகும்.