நடிகர் முன் ஒரு தேர்வு, நோயாளி முன் ஒரு தேர்வு

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், மாநில கவுன்சில் பதிவு, சில ஆண்டு வார்டு அனுபவம். இதே சான்றிதழ்களை பிரிட்டனும் ஜெர்மனியும் வெவ்வேறு கண்ணோடு பார்க்கின்றன.

பிரிட்டனில் பதிவு தருவது என்.எம்.சி. எனப்படும் நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கவுன்சில். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தாய் என்று அது துருவுவதில்லை. தேர்வு வைத்துப் பார்த்துக்கொள்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 வேண்டும், எழுத்தில் 6.5 போதும். 2018 இறுதிவரை எழுத்திலும் 7 கேட்டார்கள். அந்த அரை மதிப்பெண்ணில் தேங்கி நின்றவர்கள் ஏராளம். சி.பி.டி. என்ற கணினித் தேர்வை இந்தியாவிலேயே முடித்துவிடலாம்.

ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்கு மட்டும் அங்கே போயாக வேண்டும். கட்டணம் 794 பவுண்டு. பல மருத்துவமனைகள் அதைத் தாமே கட்டுகின்றன. மொத்தம் 10 நிலையங்கள். படுக்கையில் இருப்பவர் நடிகர், சில இடங்களில் பொம்மை. மருந்தைக் கையில் எடுக்குமுன் பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நெரிசலான வார்டில் ஓடிப் பழகியவர் ஒரு பார்வையில் முடித்துவிடுகிற காரியம் அது. இங்கே மனசுக்குள் செய்ததற்கு மதிப்பெண் இல்லை. ஐ.சி.யூ.வில் ஆண்டுக்கணக்காக நின்றவர்கூடத் தடுமாறுவது இதில்தான். திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊர் நடைமுறையை ஒப்பிக்கத் தெரிகிறதா என்ற சோதனை இது. பெரும்பாலும் தவறிய நிலையங்களை மட்டும் மறுபடி செய்தால் போதும் என்பது ஓர் ஆறுதல்.

ஜெர்மனி முதலில் காகிதத்தைப் பிரிக்கிறது. 16 மாநிலங்கள்; அங்கீகாரம் அந்தந்த மாநில அலுவலகத்தின் கையில். 2020இல் நடப்புக்கு வந்த சட்டப்படி அவர்களின் மூன்றாண்டுப் பயிற்சியில் வகுப்பு 2,100 மணி, செய்முறை 2,500 மணி. நம் படிப்பு அதைவிட ஓராண்டு நீளம். ஆனாலும் எந்தெந்தப் பகுதியில் குறை என்று பட்டியல் போட்டுக் கடிதம் வரும். அந்தக் குறையை ஈடுகட்ட இணைப்புப் பயிற்சியில் சேரலாம், அல்லது அறிவுத் தேர்வுக்குப் போகலாம். 2024 முதல் விருப்பப்பட்டால் இந்த ஒப்பீட்டையே தவிர்த்து நேரே அந்தக் கட்டத்துக்குப் போகலாம். இதை முன்பே செய்திருந்தால் எத்தனை பேருக்கு எத்தனை மாதம் மிச்சமாகியிருக்கும்!

பெரிய மலை மொழிதான். பொதுவாக பி2 தரத்தில் ஜெர்மன் வேண்டும். எழுத்துக்கூட்டுவதில் தொடங்குகிறவருக்கு ஓராண்டு சாதாரணமாகப் போய்விடும். கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸ் வழியாக நடக்கும் 'டிரிபிள் வின்' திட்டத்தில் மொழிப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மற்றவர்களில் பலருக்கு அதுவும் சொந்தச் செலவு.

இரண்டு நாட்டிலும் பதிவு கிடைக்கும்வரை உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம். கடன் வாங்கிப் போகிறவருக்கு பிரிட்டன் வழி சுருக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தேர்வென்று பார்த்தால் நான் ஜெர்மனி பக்கம். அங்கே அறிவுத் தேர்வின் செய்முறைப் பகுதி நிஜ வார்டில், நிஜ நோயாளியிடம் நடக்கிறது. தவறினால் மறுவாய்ப்பு ஒன்றே ஒன்று. குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும் அங்கே நர்ஸின் வேலை. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அதை நோயாளியின் சொந்தக்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஊசி, டிரிப் என்று பழகிய கைக்கு அந்தத் தேர்விலேயே புது வேலை காத்திருக்கிறது.